அஞ்சாவது படம்

உக்காருங்க அம்மிணி. அந்தச் சேருக்கு ஒரு கால் ஆடும், இதுல உக்காருங்க. ஆபீசுல இருந்து வர்றேன்னு நீங்க வாசல்ல சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு, எதுக்கு வந்திருக்கீங்கன்னு. மேட்டுவலசுல மட்டும் எப்படிக் கடைசி வாரம் வரைக்கும் கூட்டம் குறையாம வந்துச்சு, அதான கேக்கோணும்? எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. கேளுங்க, சொல்றேன். நான் எதையும் மறைச்சுப் பேசறவ இல்லீங்க. வசந்தாமணி எப்படின்னு இந்தச் சுத்துப்பட்டுல யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க.

ஆனா முதல்ல எம்மனசுல இருக்கற ஒண்ணைக் கொட்டிப்போடறேன். மோகனப்பிரியான்னு ஒரு பிள்ளை இருக்கறா. இங்கிருந்து நாலு ஊடு தள்ளி. அவ மாசமா இருந்தப்ப இருந்து பிள்ளை பெத்து எந்திரிச்சு நடமாடற வரைக்கும் நான் பாக்காத பாடில்லை. அந்தப் பிள்ளை இப்ப பைப்படியில என்னைப் பாத்தா, கொடத்தைப் பாதியில வெச்சுப்போட்டு ஊட்டுக்குள்ள போயிக்கறா. தண்ணி வழிஞ்சு ஓடுது, அவ வெளிய வர்றதில்லை. நான் போனப்பறந்தான் வர்றா. அவளுக்கு நான் என்ன குறை வெச்சேன்? நீங்களே எல்லாத்தையும் கேட்டுப்போட்டுச் சொல்லுங்க, தப்பு யாரு பேர்லன்னு.

போன வருசம் ஆடி கழிஞ்சதும் எங்களைச் சேலத்துக்குக் கூப்புட்டாங்க. அஞ்சு நாள் பயிற்சி. பிள்ளைக்கு ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டுந்தான், வேற ஒண்ணும் குடுக்கக்கூடாது, அதை ஊர்ப் பொம்பளைங்களுக்குச் சொல்லிப் பழக்கோணும். அதான் திட்டம். பதினாறு புதங்கிழமை, பதினாறு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் என்ன சொல்லோணும்னு ஒரு பொஸ்தகம். கையில புடிச்சுக் காட்ட பெரிய பெரிய படத்தாள். பயிற்சி குடுத்த சார் ஒண்ணையே பத்துத் தடவை சொன்னாரு. ஒரு வரி கூட்டக்கூடாது, ஒரு வரி குறைக்கக்கூடாது, டாக்டர் சீட்டுல எழுதினதை மருந்துக்கடைக்காரன் மாத்திக் குடுக்கலாமான்னு கேட்டாரு. எல்லாரும் கூடாதுன்னு சொன்னோம். நாந்தான் எல்லாரையும் விட சத்தமா சொன்னேன்.

நான் மாத்தினதில்லீங்க. அதை முதல்ல எழுதிக்குங்க. பொஸ்தகத்துல இருக்கற வரி எனக்கு இன்னிக்கும் மனப்பாடம். எந்தப் பக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்.

ஒவ்வொரு கூட்டமும் ஆரம்பிக்கையில முதல்ல ஒரு படத்தாளைக் காட்டோணும். அதுல அஞ்சு படம், அஞ்சுக்கும் சிவப்புல பெருக்கல் குறி போட்டிருக்கும். தண்ணி, சர்க்கரைத்தண்ணி, தேன், பசும்பால், அஞ்சாவதா உரசுகல்லு. உங்களுக்குத் தெரியுங்களா உரமருந்து? வசம்பு, சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய், சுக்கு. பிள்ளைக்குத் தலைக்கு ஊத்தற அன்னிக்கு, கல்லுல துளி தாய்ப்பால் விட்டு ஒவ்வொண்ணையும் ஒரு இழுப்பு உரசி, நாக்குல தடவி விடறது. வயிறு உப்பாது, பிள்ளை அசந்து தூங்கும். பிள்ளை வயசுல மாசத்துக்கு ஒரு உரசு. ஒரு மாசப் பிள்ளைக்கு ஒண்ணு, ரெண்டு மாசப் பிள்ளைக்கு ரெண்டு. அதுதான் கணக்கு.

முதல் வாரம் பதினாலு பேரு வந்திருந்தாங்க. கைப்பிள்ளைக்காரங்க, மாசமா இருக்கறவங்க, அவங்க மாமியாக்காரிங்க. நானும் பொஸ்தகத்துல இருக்கற மாதிரியே அஞ்சு படத்தையும் காட்டிச் சொன்னேன். நாலாவது படம் வரைக்கும் ஒருத்தரும் வாயத் திறக்கலை. அஞ்சாவது படத்தைத் தொட்டேன், இந்த மோகனப்பிரியாவோட மாமியா துளசியம்மா எந்திரிச்சுட்டா. உரமருந்து நாக்குல படாத பிள்ளை இந்த ஊர்ல எது, உம்மட பசங்க ரெண்டு பேரும் எதுல வளந்தாங்க, ஊரு பிள்ளைக்கெல்லாம் உரசிக் குடுத்தது நீதான, இப்ப கழுத்துல அட்டை தொங்கினதும் அது விசமாப் போச்சான்னு கேட்டா. அவ சொன்னது நெசந்தான? எங்க அம்மா போனப்பறம் இந்த ஊர்ல உரமருந்துக்கு எங்கிட்டத்தான் வருவாங்க. என் கை ராசின்னு பேரு.

அடுத்த வாரம் ஒம்பது பேரு. அதுக்கடுத்த வாரம் அஞ்சு. எங்க ஊட்டுக்காரர் கூட, ஈ ஓட்டறதுக்கு ஒரு படத்தாள் போதுமேன்னு சிரிச்சாரு. எனக்கு மானம் போச்சு. கூட்டம் பத்துப் பேருக்குக் கீழ போனா அந்த ஊர்த் தாய்ப்பால் மையத்தை மூடிப்போடுவாங்கன்னு முதல்லயே சொல்லியிருந்தாங்க. மூடினா யாருக்கு நட்டம்? எனக்கா? அந்தப் பொம்பளைங்களுக்குத்தான. தேன் வெக்கக்கூடாதுன்னு யாரு சொல்லுவா, சீம்பாலைப் பீச்சிக் கொட்டாதீங்கன்னு யாரு சொல்லுவா?

மூணாவது வாரம் கூட்டம் முடிஞ்சு பொஸ்தகத்தைப் பையில வெக்கறேன், ஒரு பிள்ளை வீறு வீறுன்னு கத்துது. வயிறு கல்லாட்டம் இருக்குது. பெத்தவ அழுவறா. பாத்துக்கிட்டு இருக்க முடியுமுங்களா? ஊட்டுல இருந்த உரசுகல்லை எடுத்தேன், உரசித் தடவினேன். பத்து நிமிசத்துல பிள்ளை தூங்கிப்போச்சு. அவ்வளவுதானுங்க நான் பண்ணினது.

நாலாவது வாரம் பதினாறு பேரு வந்தாங்க அம்மிணி. கணக்குல இல்லாத ரெண்டு பேரு. வந்தவங்க எல்லாம் கூட்டம் முடிஞ்சும் எந்திரிக்கலை. மடியில பிள்ளையோட என்னையே பாத்துக்கிட்டு இருக்கறாங்க. துளசியம்மா முன்வரிசையில இருக்கறா. எனக்குப் புரிஞ்சுபோச்சு. கல்லைக் கொண்டாந்தேன்.

நான் நேர்மையாத்தான் பண்ணினேன். கூட்டம் வேற, கல்லு வேற. பொஸ்தகத்தை மூடி, படத்தாளைச் சுருட்டி, பையில வெச்சு ஜிப்பை இழுத்தப்பறந்தான் கல்லைத் தொடுவேன். கூட்ட நேரத்துல ஒரு தடவை தொட்டிருப்பனா? சத்தியமா இல்லை. ஆனா ஒரு சங்கடம். கொஞ்ச நேரம் கழிச்சு நானே உரசப்போற கல்லுக்கு, சிவப்புல பெருக்கல் போட்ட படத்தை எந்த மூஞ்சியோட காட்டறது? படத்தாளை ரெண்டு கையிலயும் புடிக்கோணுமில்ல, அஞ்சாவது படம் வலது பக்கம் கீழ் மூலையில இருந்துச்சு. கட்டை விரலைச் சித்த உள்ள தள்ளிப் புடிச்சா மறைஞ்சுபோகும். அது நானா பண்ணினதில்லை, புடிக்கறப்ப அப்படித்தான் அமைஞ்சுது.

பெனிட்டா மேடம் திட்டத்துல இருந்து மாசம் ஒருக்கா மேற்பார்வைக்கு வருவாங்க. தூத்துக்குடிப் பக்கத்துப் பொண்ணு, சின்ன வயசு, சிரிக்கவே சிரிக்காது. மூலையில உக்காந்துக்கிட்டு, சொல்ல வேண்டியதை எல்லாம் நான் சொல்றனான்னு ஒரு தாள்ல கட்டம் கட்டமா டிக் போடும். முன்னாடி நாளே போன் பண்ணிச் சொல்லிப்போடும், நாளைக்கு வர்றேன்க்கான்னு. அன்னிக்கு மட்டும் விரலைத் தள்ளிப் புடிப்பேன். அஞ்சு படமும் தெரியும், அஞ்சையும் சொல்லுவேன். பொம்பளைங்களும் ஒண்ணும் சொல்லாம உக்காந்திருப்பாங்க. துளசியம்மா கூட தலையத் தலைய ஆட்டுவா. எல்லாக் கட்டத்துக்கும் டிக் விழும். மேடம் பஸ் ஏறினப்பறம் கல்லு வெளிய வரும்.

ஏமாத்தறதுன்னு நினைக்காதீங்க. ஊட்டுக்கு ஒறம்பரை வந்தா நல்ல பாயை எடுத்து விரிக்கறதில்லையா, அந்த மாதிரிதான்.

கூட்டம் முடியறப்ப கேள்வி கேக்கறதும் பொஸ்தகத்துல இருக்குது. பிள்ளைக்குத் தண்ணி குடுத்தீங்களா, இல்லீங்க. சர்க்கரைத்தண்ணி குடுத்தீங்களா, இல்லீங்க. தேனு, இல்லீங்க. பசும்பாலு, இல்லீங்க. நாட்டு மருந்து ஏதாச்சும், இல்லீங்க. தாய்ப்பால் மட்டுந்தானுங்க. இதை நான் வாரா வாரம் பழக்கினேன். எந்த ஊர்லயும் இப்படிச் சொல்ல மாட்டாங்க. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் எம்பட பொம்பளைங்க வரிசை மாறாமச் சொல்லுவாங்க. நெசமாவே தண்ணி, தேனு, பசும்பாலு எல்லாம் நிறுத்திப்போட்டாங்க, அதையும் எழுதிக்குங்க. எல்லாத்தையும் அந்த ஒரு கல்லைக் காட்டித்தான் நிறுத்த வெச்சேன். தேன் வெச்சவ பிள்ளைக்கு உரச மாட்டேன்னு சொன்னேன்.

இந்த மோகனா ஆறாவது வாரத்துல பிள்ளை பெத்தா. பொட்டப்பிள்ளை. பெத்த ஒரு மணி நேரத்துல சீம்பால் குடுத்தா. நாந்தான் பக்கத்துல இருந்தேன். குடிக்கறதுக்குத் தெரியாம வாயை வாயைத் திறந்துச்சு, நாந்தான் அணைச்சுப் புடிக்கச் சொல்லிக் குடுத்தேன். அன்னிக்கு அவ எங்கையைப் புடிச்சுக்கிட்டு அக்கா அக்கான்னு அழுதா. இப்பப் பாருங்க, கொடத்தை விட்டுப்போட்டுப் போறா.

பன்னெண்டாவது வாரம் மாவட்டக் கூட்டம் வெச்சாங்க. டவுன்ல பெரிய மண்டபம். மேட்டுவலசு வசந்தாமணி மேடையில வந்து பேசோணும், வருகை எப்படிக் குறையாம வெச்சிருக்கறாங்கன்னு சொல்லோணும்னு கடிதாசி வந்துச்சு. நான் எட்டாவது படிச்சவ அம்மிணி. எனக்குக் கடிதாசி. ஊட்டுக்காரர் அதை ரெண்டு தடவை படிச்சுப்போட்டு மடிச்சுக் குடுத்தாரு. அதுக்கப்பறம் ஈ ஓட்டற பேச்சே கிடையாது.

ஆனா அது புதங்கிழமை. ஊர்ல கூட்டம் இல்லை, உரசறதும் இல்லை. பொம்பளைங்க மொணமொணன்னாங்க. சரின்னு முதல் நாளே சாதிக்காயைத் தட்டி ஆளுக்கு ஒரு துண்டு காயிதத்துல மடிச்சுக் குடுத்தேன். மத்ததெல்லாம் அவங்கவங்க ஊட்டுல இருக்கும், நல்ல சாதிக்காய்தான் எங்கிட்ட மட்டும் இருக்கும். மாசத்துக்கு ஒரு உரசுன்னு எல்லாத்துகிட்டயும் சொல்லித்தான் குடுத்தேன். மோகனாகிட்டயும் சொன்னேன். அவ பிள்ளைக்கு ஒண்ணரை மாசம், ஒரே உரசு போதும்னு விரலை நீட்டிக் காட்டினேன்.

மேடையில ரகசியம் என்னன்னு கேட்டாங்க. அன்புன்னு சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க. பொன்னாடை போத்தினாங்க. பெனிட்டா மேடம் கூட அன்னிக்குச் சிரிச்சுது.

அதுக்கு முன்னாடி டீ குடிக்கையில வேற ஊர் மையத்துப் பொம்பளைங்க நாலு பேரு வந்து சுத்திக்கிட்டாங்க. பாவம், அவங்க ஊர்ல எல்லாம் நாலு பேரு அஞ்சு பேருதான் வர்றாங்களாம், மூடிப்போடுவாங்கன்னு பயம். அக்கா, மேடையில சொல்றதை விடுங்க, நெசத்தைச் சொல்லுங்கன்னு கெஞ்சினாங்க. எனக்கு மனசு கேக்கலை. சொல்லிப்போட்டேன். கூட்டம் முடிஞ்சப்பறம் கல்லை எடுங்க, சாதிக்காய் மட்டும் நல்லதாப் பாத்து வாங்குங்கன்னு சொன்னேன். மையம் பிழைச்சாத்தான பொம்பளைங்களுக்கு நல்லது?

அந்த நேரத்துலதான் மோகனா போன் பண்ணினா. அவ மாமியா துளசியம்மா, மக ஊர்க் கோயில் நோம்பிக்குப் போயிட்டா. ஊட்டுக்காரன் ராத்திரி தறி ஓட்டறவன், பகல்ல தூங்கோணும். ஒத்த ரூம்பு. பிள்ளை அழுதா எந்திரிச்சு நின்னுக்கிட்டுச் சத்தம் போடறான். அக்கா, ஒரு உரசு உரசிப்போட்டேன், இன்னும் அழுவறா, மறுக்கா உரசலாமுங்களான்னு கேட்டா. மேடைக்கு என் பேரைக் கூப்புடறாங்க. அந்த அவசரத்துல நான் என்ன சொல்லியிருப்பேன்? அழுதாச் சித்த உரசிக்கோ கண்ணு, ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிப்போட்டு வெச்சேன். இன்னிக்கு ஒரு நாளைக்குன்னுதான் நான் நினைச்சது. அவ அழுவறப்ப எல்லாம் உரசுவான்னு கண்டனா?

வெள்ளிக்கிழமை காலையில ஓடி வந்தா. பிள்ளை எந்திரிக்கலைக்கா, பால் குடிக்கலைக்கான்னு. தூக்கிப் பாத்தேன். துணி மாதிரி தொங்குது. உள்ளங்காலைச் சுண்டினேன், முனகலை. ஆட்டோவுல போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்க ஒரு லேடி டாக்டர். வயசு உங்க வயசுதான் இருக்கும். டார்ச் அடிச்சுக் கண்ணைப் பாத்துப்போட்டு மோகனாகிட்டக் கேக்கறாங்க. குழந்தைக்கு என்ன குடுத்தீங்க? தாய்ப்பால் மட்டுந்தானுங்க. தண்ணி? இல்லீங்க. தேன்? இல்லீங்க. மாட்டுப்பால்? இல்லீங்க. நான் பழக்கின மாதிரியே சொல்றா அம்மிணி. அழுதுக்கிட்டே, ஒரு வார்த்தை பிசகாமச் சொல்றா. நாட்டு மருந்து ஏதாவது? இதுக்கு மட்டும் அவ திரும்பி என் மூஞ்சியைப் பாத்தா.

டாக்டரும் திரும்பி என்னைப் பாத்தாங்க. எங்கழுத்துல திட்டத்து அட்டை தொங்குது.

"நீங்க தாய்ப்பால் திட்டத்துல இருக்கீங்களா?"

ஆமாங்கன்னேன்.

"அப்ப நீங்களே சொல்லுங்கம்மா. வேற எதுவும் குடுக்கலையே?"

எந்தலை ஆடிருச்சு. குடுக்கலைன்னு வாயைத் திறந்து நான் சொல்லலை. தலைதான் ஆடுச்சு.

மூளைக்காய்ச்சலா இருக்கும்னு சந்தேகம், முதுகுத்தண்டுல ஊசி போட்டு நீர் எடுத்துப் பாக்கோணும்னு சொன்னாங்க. அவ ஊட்டுக்காரன் கையெழுத்துப் போட்டான். பிள்ளையை உள்ள தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. மோகனா என் சேலை முந்தியைப் புடிச்சா.

"அக்கா, சொல்லிரட்டுங்களா?"

எனக்கு என்னென்னவோ ஓடுது மனசுல. சொன்னா இந்த டாக்டர் ஆபீசுக்குப் போன் போடுவாங்க. முந்தாநேத்துதான் பொன்னாடை போத்தினாங்க. மையத்தை மூடுவாங்க. பதினாறு பொம்பளைங்க. ஊட்டுக்காரர் அந்தக் கடிதாசியை மடிச்சுக் குடுத்தது கூட அப்ப ஞாபகம் வருது. அவ புருசன் வேற பக்கத்துல நிக்கறான், தெரிஞ்சா அவளை அடிச்சுக் கொன்னுபோடுவான். அவளுக்காகவுந்தான் ரோசனை பண்ணினேன். சித்த பொறு கண்ணு, என்ன சொல்றாங்கன்னு பாப்போம்னேன்.

"சொன்னா ஊசி போட மாட்டாங்கல்லக்கா?"

பொறு கண்ணுன்னேன்.

முதல் ஊசியில ரத்தம் கலந்து வந்துருச்சாம், சரியாத் தெரியலையாம். பொழுதோட மறுக்கா போட்டாங்க. அது வரைக்கும் சத்தமே இல்லாம இருந்த பிள்ளை ரெண்டாவது ஊசிக்கு அழுதுச்சு. பலமா இல்லை, பூனைக்குட்டி மாதிரி. மோகனா கதவுகிட்ட உக்காந்து ரெண்டு காதையும் பொத்திக்கிட்டா. நான் அவ தோள்ல கையை வெச்சேன், தட்டி விட்டுட்டா. அன்னிக்கு ஆரம்பிச்சதுதான்.

கையில நரம்பு கிடைக்கலைன்னு தலையில ஒரு பக்கம் முடியைச் சிரைச்சு அங்க ஊசி குத்தி வெச்சாங்க. முதல் முடி குலதெய்வத்துக்குன்னு நேந்திருந்தாங்களாம். சிரைச்ச முடியைக் குப்பைக் கூடையில போட்டுப்போட்டாங்க. மோகனா அந்தக் கூடைகிட்டப் போயிக் குனிஞ்சு பொறுக்கறா. நர்சு வைதாங்க. நாந்தான், முடிதான கண்ணு, வளந்துரும்னு சொன்னேன். அவ நிமுந்து என்னைப் பாத்த பார்வை இருக்குதே, அதை நான் யாருகிட்டயும் சொன்னதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பிள்ளை கண்ணைத் திறந்துருச்சு. பாலுக்கு வாயை ஆட்டுச்சு. டாக்டருக்குச் சந்தோசம், மருந்து வேலை செய்யுதுன்னாங்க. நீருல ஒண்ணும் இல்லை, ஆனாலும் பத்து நாள் ஊசி போட்டே ஆகோணும்னு வெச்சுக்கிட்டாங்க. காலையும் பொழுதோடவும் ஊசி. சாதிக்காய் மப்பு தானா இறங்கிப்போச்சுன்னு எனக்குத் தெரியும், மோகனாவுக்கும் தெரியும். ரெண்டு பேரும் பேசிக்கலை. இப்பப் பிள்ளை நல்லா இருக்குது. தவழுது. அப்பறம் என்ன கோவம்? எம்மேல தப்புன்னா பிள்ளைக்கு ஏதாச்சும் ஆகியிருக்கோணுமில்ல?

கடைசி வாரம் பரிட்சை மாதிரி வெச்சாங்க. பெனிட்டா மேடம் ஒவ்வொருத்தரையாக் கூப்புட்டு எல்லாரும் இருக்கையிலேயே கேள்வி கேட்டுது. மோகனா வர மாட்டான்னு நினைச்சேன், வந்தா. பிள்ளை தலையில ஒரு பக்கம் முடி அரையும் குறையுமா நின்னுச்சு. இன்னிக்கு எல்லார் முன்னாடியும் போட்டு உடைக்கப் போறா, குடி முழுகிப்போச்சுன்னு நினைச்சேன். தண்ணி குடுத்தீங்களா? இல்லீங்க. தேனு? இல்லீங்க. நாட்டு மருந்து? மேடத்தைப் பாக்கலை அவ, என்னைப் பாத்துக்கிட்டே சொல்றா, இல்லீங்க, தாய்ப்பால் மட்டுந்தானுங்கன்னு. முழு மார்க்கு.

சொல்லியிருந்தாக் கூட என் மனசு ஆறியிருக்கும் அம்மிணி. ராத்திரி படுத்தா அந்த இல்லீங்கதான் காதுல கேக்குது. நான் சொல்லிக் குடுத்த அதே ராகம். அவ என்னைக் காப்பாத்தினாளா, காறித் துப்பினாளான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை. நல்லா இருந்த பிள்ளை முதுகுல ரெண்டு ஊசி. பத்து நாள் இருவது ஊசி. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒண்ணுமே இல்லை. அது எனக்குத் தெரியாமலா இருக்குது? அதுக்கப்பறம் நான் கல்லைத் தொடறதில்லை. யாரு வந்து கேட்டாலும் கைவலின்னு சொல்லிப்போடறேன்.

இதெல்லாம் எழுதறீங்களா? எழுதாட்டியும் பரவால்லை. இல்லை, எழுதினாலும் பரவால்லை. நீங்க வந்த விசயத்தைச் சொல்லுங்க. இப்ப அடுத்த சுத்து ஆரம்பிச்சிருக்கறாங்களாமே, மத்த ஊர்ல எல்லாம் எப்படி இருக்குது?

என்ன சொன்னீங்க? மறுக்கா சொல்லுங்க.

கரட்டுப்புதூரு, பாலிக்காடு, சின்னமடை. மூணு ஊர்லயும் கூட்டம் நிறைஞ்சு வருதா? போன மாசத்துல இருந்தா? பாத்தீங்களா, நான் சொல்லலை? எல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுதான். அன்னிக்கு டீ குடிக்கையில கேட்டாங்களே, அவங்க ஊருங்கதான். கெட்டிக்காரிங்க, சொன்னதை அப்படியே புடிச்சுக்கிட்டாங்க. சாதிக்காய் நல்லதாப் பாத்து வாங்கச் சொன்னேன்.

சித்த இருங்க.

கல்லை எடுங்கன்னு சொன்னேன். சாதிக்காயைச் சொன்னேன். ஒண்ணொண்ணையும் ஒரு இழுப்புன்னு சொல்ல வாயெடுத்தேன், அப்பத்தான் போன் அடிச்சுது. மோகனா போன். தள்ளிப் போயிப் பேசினேன். பேசி முடிக்கறதுக்குள்ள மேடைக்குக் கூப்புட்டுட்டாங்க. திரும்பி அவங்ககிட்ட நான் போகலை.

மாசத்துக்கு ஒரு உரசுன்னு அவங்களுக்கு நான் சொல்லலீங்க அம்மிணி.

அது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா? எல்லா ஊர்லயும் தெரிஞ்சிருக்குமுங்களா? சின்னமடைக்காரிக்கு இருவத்திரெண்டு வயசுதான் இருக்கும், அவளே இன்னும் பிள்ளை பெறாதவ. கூட்டம் நிறைஞ்சு வருதுன்னா வாரா வாரம் உரசறாங்கன்னுதான அர்த்தம்? அந்தப் பொம்பளைங்களுக்கும் கேள்வி பதில் எல்லாம் பழக்கியிருப்பாங்க. ஆஸ்பத்திரியில கேட்டா அவங்களும் வரிசையாச் சொல்லுவாங்க, இல்லீங்க, இல்லீங்கன்னு.

எந்திரிங்க. காப்பி அப்பறம் குடிச்சுக்கலாம். உங்க காயிதத்துல அவங்க நம்பர் இருக்குமில்ல, கரட்டுப்புதூருக்கு முதல்ல போடுங்க. நானே பேசறேன். கல்லையே தொடாதீங்கன்னு சொல்லிப்போடறேன். ஏன்னு கேட்டா எல்லாத்தையும் சொல்றேன், ஊசியையும் சொல்றேன், முடியையும் சொல்றேன். பெனிட்டா மேடத்துக்கும் போடுங்க, அதுகிட்டயும் நானே சொல்லிக்கறேன். மையத்தை மூடினா மூடட்டும்.

கரட்டுப்புதூரு, பாலிக்காடு, சின்னமடை. மூணுதான் சொன்னீங்க. நாலு பேரு அம்மிணி என்னைச் சுத்தி நின்னது. பச்சைச் சேலை கட்டிக்கிட்டு ஒருத்தி, கையில டம்ளரோட, ஒண்ணுமே பேசாம நான் சொன்னதை எல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கிட்டு இருந்தா. அவ எந்த ஊருன்னு நான் கேக்கவே இல்லியே.